பாதியை விட்டுப்போன திருடன்

பல் மருத்துவர் போட்ட ஊசியில் டோரோட்டாவின் இடது கன்னம் மரத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. அந்த வாயோடுதான் அவள் வெண்டெலினின் வீட்டு நிலவறைக்குள் இறங்கினாள்.

"திலுதன் எப்ப வந்தான்?"

வெண்டெலின் விழித்தார்.

"திருடன் எப்ப வந்தான்னு கேக்குறாங்க," என்றான் ஹினெக். "தலைவிக்கு இன்னிக்குப் பாதி வாய்தான் வேலை செய்யுது. கவலைப்படாதீங்க ஐயா, மூளை அந்தப் பக்கம் இல்ல."

டோரோட்டா பதினைந்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைத் துருவிவிட்டு, ப்ர்னோ நகரத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள். ஹினெக் அதற்கு முன்பு தபால்காரன். எந்த வீட்டு நாயும் அவனைப் பார்த்துக் குரைத்து ஓய்ந்துவிடும். பிறகு அவன் குரைக்க ஆரம்பிப்பான்.

"வியாழக்கிழமை," என்றார் வெண்டெலின். "ரெண்டு மணிக்கு பீர்க்கடைக்குப் போனேன். நாலு மணிக்கு வந்தேன். வண்டி இல்ல."

ரயில் நேரம் சொல்பவரைப் போலச் சொன்னார். அறுபத்தெட்டு வயது. முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை. பொஸ்கொவிட்சே ஊர் முழுக்க நவம்பர் மூடுபனி இறங்கியிருந்த மாதிரி அந்த முகத்திலும் ஏதோ இறங்கியிருந்தது.

காணாமல் போனது அவருடைய ஜாவா 350 மோட்டார் சைக்கிள். இளவயதில் வாங்கியது. பிறகு இருபது வருடம் கோழிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அதை இழுத்து வந்து, கடைசித் திருகு வரை பிரித்தார். கார்புரேட்டரைச் சமையலறையில் சூப் பாத்திரத்தில் போட்டு வேகவைத்தார். பெட்ரோல் டாங்குக்குப் பதினொரு பூச்சு செர்ரிச் சிவப்பு அடித்தார். அத்தோடு நிற்காமல் பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டியாக மாட்ட, பழைய சைடுகார் ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு சக்கர வண்டியை மூன்று சக்கரமாக மாற்றினார்.

அந்த சைடுகார் இப்போது நிலவறை நடுவில் தனியாக, ஒரே சக்கரத்தில், ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பளபளவென்றிருந்தது.

ஹினெக் அதைச் சுற்றி வந்தான். "நாலு போல்ட்டைக் கழட்டி இதை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். மூணு சக்கரத்துல ரெண்டைத் திருடினவனை நான் கேள்விப்பட்டதே இல்ல. கணக்குல வீக்கோ?"

டோரோட்டா குனிந்து பார்த்தாள். கழற்றிய நான்கு போல்ட்டுகளும் சுத்தமாகத் துடைத்து, ஒரு துணியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சைடுகாருக்கு அடியில் ஒரு மரத்துண்டு கிடந்தது. ஆப்பு மாதிரிச் செதுக்கியது. அதன் முகத்தில் ஸ்பேனர் அழுந்திய பள்ளம். அவள் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வெள்ளையடித்த சுவரில், முழங்கால் உயரத்தில், அக்கம்பக்கமாக இரண்டு வட்டக் கறைகள்.

"இது?" இப்போது அவள் ஒவ்வொரு சொல்லாக நிதானமாகப் பேசினாள்.

"வண்டி மறைச்சிருந்த இடம். ஈரம் கசியுது போல," என்றார் வெண்டெலின்.

அவள் விரலால் தடவினாள். விரல் கறுப்பாகப் பிசுபிசுத்தது. "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"இன்னும் இல்ல. எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் ஒரேயடியா..."

"இங்க புகை வாசனை வந்ததே இல்லையா?"

"என் மூக்கு செத்து ரொம்ப நாளாச்சும்மா. இருபது வருஷம் அமிலத் தொட்டிப் பக்கத்துல வேலை."

"கடைசியா என்ன வேலை செஞ்சீங்க?"

"போன திங்கக்கிழமை பின் சக்கரத்துப் பல்சக்கரத்தை மாத்தினேன். பெருசாப் போட்டாத்தான் சைடுகாரை இழுக்கும். வேகம் குறையும், இழுவை கூடும்."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. தெருப்பக்கம் இருக்கிற சரிவுக் கதவைச் சாத்திட்டுத்தான் செய்வேன். திறந்து வெச்சா தெருவுல போறவன் எல்லாம் யோசனை சொல்லுவான்." சற்று நிறுத்தினார். "என் பொண்ணுக்குத் தெரியும். அவ படிக்கட்டுல உக்காந்து பார்ப்பா."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல, அவன்தான். லெட்டோவிட்சேல இருக்கிற ஸ்லாவோமில். பழைய வண்டி பதினொண்ணு வெச்சிருக்கான், பன்னெண்டாவது வேணுமாம். வசந்த காலத்துல வந்து கேட்டான், தரமாட்டேன்னேன். 'இந்த வண்டிக்கு சைடுகார் மாட்டுறியே, நீ மனுஷனா'ன்னான். அதோட பேச்சு வார்த்தை இல்ல. போலீஸ்லயும் அவன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

மேலே சமையலறையில் வெண்டெலினின் மகள் பிளாங்கா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு, அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவளுடைய இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துக்கொண்டது. சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தாள். பலகையின் அடியிலிருந்து இரண்டு ஆணிகளை மேல்நோக்கி அடித்து, அவற்றில் கிழங்கைக் குத்தி நிறுத்தி, வலது கையால் தோல் சீவினாள். வேகமாகவே சீவினாள்.

தேநீர் வந்தது. டோரோட்டா ஒரு மடக்குக் குடித்தாள்.

"கொதிக்குதே," என்றாள் பிளாங்கா.

"எனக்குத் தெரியல. ஊசி போட்டிருக்கு."

"வசதிதான்."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பொறாமையாகக்கூடச் சொல்லியிருக்கலாம். அந்தக் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"வியாழக்கிழமை மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"தூங்கிட்டிருந்தேன்."

"சத்தம் எதுவும்?"

"இல்ல."

"அப்பா ஒன்றரை வருஷம் பாடுபட்ட வண்டி. போனதுல வருத்தம் இல்லையா?"

பிளாங்கா கொஞ்சம் யோசித்தாள். மறந்துபோன முகவரியைத் தேடுபவள் போல. "தெரியல," என்றாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்பா, மணி ஒன்றரை ஆச்சே. நீ பீர்க்கடைக்குப் போகலையா?"

"போறேன், போறேன்," என்றார் வெண்டெலின்.

காரில் ஏறியதும் ஹினெக் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "அந்த வீட்டை விட பிணவறை கலகலப்பா இருக்கும் தலைவி. அப்பாவும் அழல, பொண்ணும் அழல. என் சைக்கிள் பம்ப் காணாமப் போனதுக்கே நான் ரெண்டு நாள் சாப்பிடல."

"அவ மொத்தமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா, கவனிச்சியா?"

"அப்பா குடிக்கப் போகலையான்னு கேட்டா. நம்ம நாட்டுல எந்தப் பொண்ணு அப்படிக் கேக்கும்? அதிர்ஷ்டசாலி மனுஷன்."

"அதான் எனக்கும் உறுத்துது. வண்டியை எடு."

பத்து கிலோமீட்டர். ஸ்லாவோமிலின் வைக்கோல் கொட்டகைக் கதவு திறந்தே இருந்தது. அறுபது வயது மனிதர், இடது காலில் தொடை வரை மாவுக்கட்டு, இரண்டு கக்கத்திலும் கட்டை.

"ஆறு வாரமாச்சு," என்றார் அவர், கேட்காமலே. "வண்டியிலேர்ந்து விழுந்தேன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். நிஜத்துல ஆப்பிள் மரம்."

பதினொரு வண்டிகளின் மேலிருந்த தார்ப்பாயையும் அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அவற்றில் செர்ரிச் சிவப்பு இல்லை.

"போலீஸ்காரர் ரெண்டு தடவை வந்தார். ரெண்டு தடவையும் காபி கொடுத்தேன். நீங்களும் குடிங்க. வெண்டெலினுக்கு என் மேல கோபம், இருக்கட்டும். ஆனா எவன் எடுத்தானோ அவன் சுகப்பட மாட்டான். சைடுகார் இல்லாம அந்த வண்டி அறுபதைத் தாண்டினா ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும்."

டோரோட்டா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன் கத்தும்?"

"பின்னால பெரிய பல்சக்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"முழுங்காதீங்க ஐயா," என்றான் ஹினெக். "பல்லு பல்லா இருக்கும், தொண்டையில மாட்டிக்கும்."

"பல்சக்கரத்தை மாத்தினது வண்டி காணாமப் போறதுக்கு மூணு நாள் முன்னாடி," என்றாள் டோரோட்டா. "கதவைச் சாத்திக்கிட்டு. நீங்க அவரோட பேசியே அரை வருஷமாச்சு. அந்த வண்டி கத்தினதை உங்க காதால கேட்டிருந்தாத்தான் உங்களுக்குத் தெரியும். அது இங்கதான் இருக்கு."

ஸ்லாவோமில் கட்டையின் மேல் சாய்ந்து நின்றார். "அப்ப நான்தான் திருடன்னு எழுதிக்குங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"பார்த்தீங்களா தலைவி! சுடச்சுட வாக்குமூலம்!"

"எழுத முடியாது," என்றாள் டோரோட்டா. "ஜாவாவுக்குக் கிக்கரும் கியரும் ஒரே லீவர், அதுவும் இடது கால் பக்கம். உங்க இடது கால் மாவுக்கட்டுல இருக்கு. எடுத்தவருக்குக் கால் ரெண்டும் நல்லா இருக்கு. கைதான் ஒண்ணு."

கோட்டுப் பையிலிருந்து மரத்துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு போல்ட்டைக் கழட்ட ரெண்டு ஸ்பேனர் வேணும். ஒண்ணு தலையைப் பிடிக்கும், இன்னொண்ணு நட்டைத் திருப்பும். ரெண்டு கை இருக்கிறவனுக்கு ஆப்பு எதுக்கு? இதைச் செதுக்கினவங்களுக்கு, ஒரு ஸ்பேனரைப் பிடிச்சுக்க மரம் தேவைப்பட்டிருக்கு. சமையலறையில கிழங்கைப் பிடிச்சுக்க ஆணி தேவைப்பட்ட மாதிரி. சுவர்ல புகைக்கறை. யாரோ பல நாள், வீட்டுக்காரர் பீர்க்கடையில இருந்த நேரத்துல, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்திருக்காங்க. வெளியாள் இல்ல."

ஹினெக்கின் வாய் திறந்து கிடந்தது. "பிளாங்காவா? தலைவி, சும்மா இருங்க. கிளட்ச்சை எப்படிப் பிடிப்பா? அது இடது கையில..."

"யோவ்!" ஸ்லாவோமிலுக்குப் பொறுக்கவில்லை. "ஜாவாவைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கியர் லீவரை மிதிச்சாலே கிளட்ச் தானா விட்டுக்கும்! மெதுவாக் காலை எடுத்தா வண்டி வெண்ணெய் மாதிரி நகரும். பிரேக், ஆக்சிலேட்டர் ரெண்டும் வலது கை. இடது கையைத் தலையைச் சொறிய வெச்சுக்கலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவ வர்ற பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் டோரோட்டா.

"ரெண்டு நாப்பது," என்றார் அவர். "ஓட்டிப் பழக தினமும் அதுலதான் வருவா. அஞ்சு நாளா. வியாழக்கிழமை வண்டியை இங்க விட்டுட்டு பஸ்ல திரும்பிப் போனா, அப்பா வர்றதுக்குள்ள. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. சொல்லல."

மூன்று மணிக்குப் பிளாங்கா உள்ளே வந்தாள். தோளில் துணிப்பை, அதற்குள் தலைக்கவசம். டோரோட்டாவைப் பார்த்தும் அவள் முகம் மாறவில்லை.

"கண்டுபிடிச்சுட்டீங்க."

"ம்."

"வாய் சரியாயிடுச்சா?"

"ஊசி இறங்குது. வலிக்க ஆரம்பிச்சிருக்கு."

பிளாங்கா தலையசைத்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே பேசினாள். அதே குரல்தான், ஏற்ற இறக்கமில்லாமல்.

"போன செவ்வாய்க்கிழமை அப்பா என்னை அந்த சைடுகார்ல உக்கார வெச்சார். அளவு பார்க்கவாம். பெல்ட் போட்டார். மடியில கம்பளி போர்த்தினார். மேல அந்த ரெக்சின் மூடியை இழுத்து, பட்டனை ஒவ்வொண்ணா மாட்டினார். 'இனிமே நீ எங்க வேணா போகலாம்'னார். ரெண்டு கை இருந்தாக்கூட அதுக்குள்ள பிடிக்கிறதுக்கு எதுவும் இல்ல. கோபம் வரும்னு பார்த்தேன், வரல. அழுகையும் வரல. அப்படியே உக்காந்திருந்தேன். நாள் முழுக்க உக்காந்திருக்க முடியும்னு தோணுச்சு. அதான் பயமா இருந்துச்சு. மறுநாள் மரத்தைச் செதுக்கினேன்."

"எஞ்சினை அதுக்கு முன்னாடியே ஓட விட்டிருக்கீங்க."

"கோடையிலேர்ந்து. சும்மா ஓட விட்டுப் பக்கத்துல நிப்பேன். காலெல்லாம் அதிரும். அது மட்டும் தெரியும்."

கதவருகே எதுவோ சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

வெண்டெலின் நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு கனமான குழாய் ஸ்பேனர் கிடந்தது. ஸ்லாவோமிலின் மண்டைக்காகக் கொண்டுவந்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீ பீர்க்கடைக்குப் போகலையா?" என்றாள் பிளாங்கா.

"நான் உன் பஸ்லதான் வந்தேன். கடைசி சீட்டுல." அவர் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. "பையில ஹெல்மெட் தெரிஞ்சுது. கூப்பிடலாம்னு பார்த்தேன். என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியல."

மழை ஓட்டில் தட்ட ஆரம்பித்து, நின்றுவிட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் வெண்டெலின்.

"சொன்னா நீ திட்ட மாட்ட. அழுவ. நீ அழுதா நான் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதுப்பா."

அவர் ஸ்லாவோமிலைப் பார்த்தார். "உன் பேரைப் போலீஸ்ல சொல்லிட்டேன்."

"தெரியும்."

"நாளைக்குப் போய் எழுதிக் கொடுத்துடறேன்."

"அவசரமில்ல. அந்தப் போலீஸ்காரர் நல்லாப் பேசுறார்."

ஹினெக் பின்பக்க அறைக் கதவைத் தள்ளினான். செர்ரிச் சிவப்பு ஜாவா உரச் சாக்குகளுக்கு நடுவில் நின்றது. வெண்டெலின் அருகில் போய், முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். கை தானாகப் பிரேக் டிரம்மைத் தடவியது.

"அந்தக் காலத்துலேர்ந்தே பிரேக் பிடிச்சா வலது பக்கம் இழுக்குமே?"

"இழுத்துச்சு. ஸ்லாவோமில் ஸ்பிரிங் மாத்திக் கொடுத்தார்."

"இவனா?" வெண்டெலின் எழுந்தே விட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "என் வண்டியில இவன் ஸ்பிரிங்கா? எவன்டா உன்னைத் தொடச் சொன்னான்? எந்த ஸ்பிரிங் போட்ட? காட்டு! அது டிராக்டர் ஸ்பிரிங்கா இருக்கும், எனக்குத் தெரியாதா உன்னை!"

"டிராக்டரா? நாக்கு அழுகிடும் உனக்கு! புது ஸ்பிரிங், ப்ர்னோவுலேர்ந்து வரவழைச்சது!"

இரண்டு பேரும் கத்தினார்கள். பிளாங்கா அப்பாவையே பார்த்தபடி நின்றாள். அவர் கத்தி அவள் கேட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கடைசியில் வெண்டெலின் மூச்சு வாங்கிக்கொண்டு வண்டியின் பக்கம் திரும்பினார். "செயின் எப்படி ஓடுதுன்னு கேக்கணும். பின்னால உக்காந்தாத்தான் கேக்கும்."

"ஏறு."

அவள் லீவரை உதைத்தாள். மூன்றாவது உதையில் பிடித்தது. கொட்டகை முழுக்க நீலப்புகை. வெண்டெலின் பின்னால் ஏறி உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் அவளுக்கு எப்போதும் வலது பக்கமாகவே நடந்து வந்தவர்.

"எங்க பிடிக்கிறது?"

"இடது பக்கம் பிடிச்சுக்கோப்பா. அங்க தொட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது. இறுக்கியே பிடிக்கலாம்."

மடித்து ஊசி குத்திய சட்டைக் கையை அவர் முதலில் தொட்டார். பிறகு பிடித்தார். வண்டி மூடுபனிக்குள் போனது.

"தலைவி," என்றான் ஹினெக், "திருடனும் திருட்டுக் கொடுத்தவரும் திருட்டுப் பொருளும் ஒரே திசையில ஓடிட்டாங்க. நம்ம யாரைப் பிடிக்கணும்?"

டோரோட்டா கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தாள். வலி இப்போது காது வரை ஏறியிருந்தது. "மாத்திரை ஏதாவது வெச்சிருக்கியா?"

"மாத்திரை இல்ல. ஜோக் இருக்கு."

"வேணாம்."

இருபது நிமிடம் கழித்து, ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டது. சத்தம் நெருங்கி, தணிந்து, கொட்டகைக்குள் வந்து நின்றது. இருவருடைய மூக்கும் சிவந்திருந்தது. வெண்டெலின் தடுமாறி இறங்கினார்.

"கேவலமாக் கத்துது. பழைய பல்சக்கரத்தை நாளைக்கே மாட்டணும். ஸ்லாவோமில், உன் பெட்டியில பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா, இல்ல அதுவும் டிராக்டருக்குத்தானா?"

பிளாங்கா தலைக்கவசத்தைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். வலது கை விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தாள். விறைத்துப் போயிருந்தன. விரல்களை வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊதினாள்.

"பசிக்குது," என்றாள்.

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை; விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சொன்னதும் இல்லை. வெண்டெலின் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார். பதினேழாம் நம்பர் எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணெதிரே கிடந்தது. அவர் அதை எடுக்காமல் வெகுநேரம் தேடிக்கொண்டே இருந்தார்.

ஹினெக் கோட்டுப் பையைத் துழாவி, காகிதத்தில் சுற்றிய ஒரு ரொட்டியை எடுத்தான். நடுவில் பன்றிக் கொழுப்பும் வெங்காயமும். ஒரு ஓரம் கடிபட்டிருந்தது.

"என் பல்லு பட்டிருக்கு. பரவாயில்லையா?"

பிளாங்கா கையை நீட்டி வாங்கி, கடித்த பக்கத்திலிருந்தே தின்ன ஆரம்பித்தாள்.